நாக்கில் வைத்துப் பார்த்த தண்ணீர்

எத்தியோப்பியாவின் லங்கானோ ஏரியில் முழங்கால் ஆழத்துக்கு இறங்கிய ஆம்பூர்க்காரர்கள் நாங்கள் இருவரும் முதல் வேலையாகத் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தோம். மாடுகளுக்குத் தண்ணீர் காட்ட வந்திருந்த பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். குளிக்க வந்தவன் குதிக்காமல் நக்கிப் பார்க்கிறானே என்று அவர்களுக்கு வேடிக்கை.

எங்களுக்கு அது பிறந்த ஊர் கொடுத்த பழக்கம். வேலூரிலிருந்து வாணியம்பாடி வரை பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் தோல்ஷாப்புகளுக்கு நடுவே வளர்ந்தவர்கள் புதுத் தண்ணீர் எதைக் கண்டாலும் முதலில் நாக்கைத்தான் கேட்போம். கிணறு, போர் பைப்பு, சொந்தக்காரர் வீட்டுத் தொட்டி, எதுவானாலும் சரி. நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா என்று தெரிந்த பிறகுதான் மற்றது. பெண் பார்க்கப் போகிற வீட்டில் கொடுக்கும் சொம்புத் தண்ணீரைக்கூட எங்கள் பெரியவர்கள் மெதுவாகத்தான் குடிப்பார்கள். அந்த ஊரில் பெண் எடுக்கலாமா, பெண் கொடுக்கலாமா என்பதில் அந்த முதல் மிடறுக்கும் ஒரு பங்கு உண்டு.

என்னோடு நின்றவர் எங்கள் தெரு அண்ணன். ஆம்பூரில் ஒரு டேனரியில் டிரம் ஓட்டும் ஆளாகச் சேர்ந்து, படிப்படியாகக் கற்று டெக்னீஷியன் ஆனவர். இப்போது எத்தியோப்பியாவின் மோஜோ நகரத்தில் தோல் ஊறவைக்கிற, சுண்ணாம்பு போடுகிற பகுதியைக் கவனித்துக்கொள்கிறார். அவரைப் பார்க்கத்தான் போயிருந்தேன். மூன்று நாள் லீவு போட்டு, "வா தம்பி, நீஞ்சலாம்" என்று ஏரிக்கு அழைத்துப் போனார்.

மோஜோ, தலைநகர் அடிஸ் அபாபாவிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர். பஸ்ஸை விட்டு இறங்கியதும் மூக்கு ஊரை அடையாளம் கண்டுகொண்டது. எங்கள் ஊரில் துத்திப்பட்டு பக்கம் காற்று திரும்பும்போது வருகிற அதே வாடை. ஆப்பிரிக்காவிலேயே கால்நடை அதிகமுள்ள நாடு எத்தியோப்பியா. அதன் மேட்டுநிலத்துச் செம்மறித் தோல் கையுறைக்குப் பேர்போனது. அந்த நாட்டு அரசு 2008-ல் பச்சைத்தோல் ஏற்றுமதிக்கு 150 சதவீத வரி போட்டது. தோலை அப்படியே அனுப்பாதே, உள்ளூரிலேயே பதனிட்டு, செருப்பும் பையுமாக்கி அனுப்பு என்பது அதன் பொருள். அதற்குக் கை தெரிந்த ஆட்கள் வேண்டும். சென்னை அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் அந்நாட்டுத் தோல் தொழில் மேம்பாட்டு நிறுவனத்தோடு கைகோத்துப் பயிற்சி கொடுத்தது. அண்ணனைப் போன்றவர்கள் தனித்தனியாக வேலை தேடிப் போய்ச் சேர்ந்தார்கள்.

இந்த 2008 கதையைக் கேட்டபோது எனக்கு வயிற்றில் ஏதோ பிசைந்தது. ஏனென்றால் இதே கதை எங்கள் ஊரில் 1970-களில் நடந்தது. அந்தக் கதைக்குப் பின்னால் வருகிறேன்.

மோஜோவிலிருந்து தெற்கே லங்கானோவுக்குப் போகும் சாலை, கோக்கா என்ற இன்னொரு ஏரியை ஒட்டிப் போகிறது. அவாஷ் ஆற்றின் குறுக்கே 1960-ல் கட்டிய அணையால் உண்டான நீர்ப்பரப்பு அது. மோஜோ ஆறு டேனரிகளைத் தாண்டி இதில்தான் வந்து கலக்கிறது. 2009-ல் அல் ஜசீரா தொலைக்காட்சி இந்த ஏரியின் பச்சைத் தண்ணீரையும், அதையே குடித்து நோயில் கிடந்த கரையோரக் கிராமத்தாரையும் உலகத்துக்குக் காட்டியது. வண்டி அதைக் கடக்கும்போது அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டார். நான் கேட்காமலே, கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னார்: "நம்மூர்ல பண்ண தப்ப இங்கயும் பண்ணக் கூடாதுன்னு தினமும் கத்திக்கினேதான் கீறேன் தம்பி. ஊறப் போடறதுக்கு மின்ன உப்ப உதறுங்கடா, உதறுங்கடான்னு."

உப்பை உதறுவது என்றால் என்னவென்று தோல் வேலை தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஆட்டையோ மாட்டையோ உரித்த தோல் சில மணி நேரத்தில் கெடத் தொடங்கும். அது கெடாமல் டேனரி வந்து சேர, தோலின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் சமையல் உப்பைக் கொட்டி அடுக்குவார்கள். டேனரியில் முதல் வேலை அந்த உப்பைத் தண்ணீரில் கழுவுவது. அந்தத் தண்ணீர்தான் நிலத்தைக் கொல்கிறது. குரோமியத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், பேசவும் வேண்டும். ஆனால் குரோமியத்தை வண்டலாகப் பிரித்துவிடலாம். கரைந்த உப்பைப் பிரிப்பது பெரும்பாடு. நிலத்தில் இறங்கிய உப்புக்கு நிறமில்லை, வாடையில்லை. கிணற்றுத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், நாக்கில் வைத்தால்தான் தெரியும். ஊறப் போடுவதற்கு முன் தோலைத் தட்டி உதறி உப்பைத் தனியே எடுத்துவிட்டால் பாவம் கொஞ்சமாவது குறையும். அதற்குக் கூடுதலாக இரண்டு ஆள் கூலி. அவ்வளவுதான்.

லங்கானோ அதற்கு நேர் எதிர். பார்க்க அழுக்குத் தண்ணீர். பால் கொஞ்சம் குறைவாக ஊற்றிய டீயின் நிறம். பூமி பிளந்து உண்டான பெரும்பள்ளத்தாக்கில், கடல் மட்டத்துக்கு 1,500 மீட்டருக்கு மேல் கிடக்கிறது. தண்ணீரில் மிதக்கிற நுண்ணிய கனிமத் தூள்தான் அந்த நிறம் தருகிறது. பளிங்கு மாதிரித் தெளிந்திருக்கும் ஆப்பிரிக்க ஏரிகள் பலவற்றில் பில்ஹார்சியா என்ற நோய்ப்புழு உண்டு. நன்னீர் நத்தையில் வளர்ந்து, தண்ணீரில் நிற்பவர் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். மலாவி ஏரியில் உண்டு. லங்கானோ அந்தத் தொல்லை இல்லாத ஏரி என்று பேர் வாங்கியதால்தான் எத்தியோப்பியர்கள் குடும்பத்தோடு நீந்த அங்கே வருகிறார்கள். நாக்கில் வைத்தபோது சோடா உப்புப் போல் லேசான ஒரு சுவை. குடிக்க ஆகாது. நீந்த ஆகும்.

அண்ணன் நீந்தியதைப் பார்க்க வேண்டும். ஐம்பத்தைந்து வயது உடம்பு கரையில் நடக்கும்போது முட்டி பிடித்து நடக்கும். தண்ணீரில் இறங்கியதும் பன்னிரண்டு வயதாகிவிட்டது. முங்கு நீச்சலில் போய் எங்கோ தள்ளி எழுந்தார். மல்லாந்து படுத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி கிடந்தார். மாட்டுக்காரப் பையன்கள் சிரிப்பை நிறுத்திவிட்டு அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவன் அவர் முதுகில் ஏறினான். அவர்கள் ஒரோமோ மொழிக்காரர்கள். தண்ணீருக்கு அவர்கள் சொல் 'பிஷான்'. நாங்கள் 'தண்ணி' சொல்லிக் கொடுத்தோம். மூன்றாம் நாள் நாங்கள் கரையில் இறங்கும் முன்பே "தண்ணி! தண்ணி!" என்று கூவிக்கொண்டு ஓடி வந்தார்கள். கூடவே உள்ளங்கையில் அள்ளி நாக்கு நீட்டி நக்கிக் காட்டினார்கள். எங்களை அப்படித்தான் அவர்களுக்குத் தெரியும்.

அண்ணன் நீச்சல் பழகியது எங்கள் ஊர்க் கிணற்றில். காய்ந்த சுரைக்காயை முதுகில் கட்டி அவருடைய சித்தப்பா படிக்கட்டிலிருந்து தள்ளிவிட்டாராம். எனக்கு நீச்சல் தெரிந்தது முப்பது வயதில், சென்னையில் மாதம் காசு கட்டிப் போன குளோரின் குளத்தில். எங்களுக்குள் வயது வித்தியாசம் ஏறத்தாழ பத்து வருஷம்தான். அந்தப் பத்து வருஷத்துக்குள் கிணறு போய்விட்டது.

இரண்டாம் நாள் மாலை, கரையோரக் குடிசையில் ஓர் அம்மா காப்பிக் கொட்டையை எங்கள் கண்ணெதிரே இரும்புச் சட்டியில் வறுத்து, இடித்து, மண் கூஜாவில் கொதிக்கவைத்து மூன்று சுற்று ஊற்றிக் கொடுத்தார். மூன்றாவது சுற்றுக்கு முன் எழுந்தால் மரியாதை இல்லை. கூடவே இன்ஜெரா என்ற அகன்ற புளித்த தோசை. மாவு நம்முடையதைவிட ஒரு நாள் கூடுதலாகப் புளித்திருக்கும். வண்டி ஓட்டுநர் ஆங்கிலத்தில் மாற்றிச் சொல்ல, அந்த அம்மா கேட்டார்: உங்கள் ஊரிலும் ஏரி இருக்கிறதா? அண்ணன் சொன்னார்: "ஆறு இருக்குது." ஓட்டுநர் அதை மொழிபெயர்த்தார். அந்த அம்மா மகிழ்ச்சியோடு தலையசைத்து அடுத்த கேள்வி கேட்டார்: அப்போ அங்கேதான் நீந்தப் பழகினீர்களா? அண்ணன் காப்பிக் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மழைக்காலம் முடிந்ததும் ஒரோமோ மக்கள் இரீச்சா என்ற விழா எடுக்கிறார்கள். பிஷோப்து நகரத்தில் ஹோரா ஏரிக்கரையில் லட்சக்கணக்கில் கூடி, பச்சைப் புல்லைத் தண்ணீரில் நனைத்து நன்றி சொல்கிற நாள். அதைக் கேட்டபோது எனக்குக் குடியாத்தம் நினைவு வந்தது. வைகாசி முதல் நாள், கவுண்டன்ய ஆற்றங்கரையில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. வட ஆற்காட்டு ஊர்களில் காவல் தெய்வத்துக்குப் பெயரே கெங்கை. தண்ணீரைத்தான் தாயென்று தலையில் சுமந்து ஊர்வலம் வந்திருக்கிறோம். திருவிழா இன்றும் கூட்டம் குறையாமல் நடக்கிறது. ஆறு பெரும்பாலான வருஷங்களில் அந்த நாளில் மணலாகக் கிடக்கிறது.

கிணறு எப்படிப் போனது

தோலும் தண்ணீரும் ஆதியில் பகையாளிகள் இல்லை. கிணற்றிலிருந்து மாடு கட்டி இறைத்த கவலைச் சாலின் வாலே தோல்தான். எங்கள் பகுதியில் பழைய தோல்ஷாப்புகள் ஆவாரம்பட்டை, கொன்னைப்பட்டை, கடுக்காய் போட்டுக் குழியில் ஊறவைத்துப் பதனிட்டன. அந்தக் கழிவும் நாறும், உப்பும் இருந்தது. ஆனால் அளவு சிறிது, ஆறும் ஓடிக்கொண்டிருந்தது. 1970-களில் அரை பதனிட்ட தோல் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தி, முழுதாக முடித்த தோலும் செருப்புமே வெளியே போக வேண்டும் என்று திருப்பியது. அந்நியச் செலாவணி கூடியது, வேலை கூடியது. குரோம் பதனிடுதல் பரவி, டிரம்கள் பெருகி, கழிவுநீர் பாலாற்றுக்கும் ஏரிக்கால்வாய்க்கும் போயிற்று. எத்தியோப்பியா 2008-ல் எடுத்து வைத்த அதே அடி.

இந்தத் தொழிலைக் கெட்டது என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போக எனக்கு வாய் வராது. என் அக்கா ஷூ கம்பெனியில் அப்பர் தைத்துத்தான் வீட்டை நிறுத்தினாள். விடியற்காலையில் கிராமம் கிராமமாகக் கம்பெனி பஸ்கள் பெண்களை ஏற்றிக்கொண்டு போவதைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சம்பளத்தின் அருமை தெரியும். தோல்ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் நின்று கை வெந்தவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். கிணறு கெட்டதிலும் அவர்கள் தண்ணீர்தான் முதலில் போனது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: கிணறுகள் நன்றாக இருந்த காலத்திலும் எல்லாக் கிணற்றிலும் எல்லாப் பிள்ளைகளும் இறங்க முடிந்ததில்லை. எந்தக் கிணற்றில் குதிக்கலாம், எதன் பக்கமே போகக் கூடாது என்று நீச்சலுக்கு முன்பே சேரிப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரப்பட்டது.

1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தது. ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர், தோல்ஷாப்புப் பகுதிகளில் ஓரளவோ முழுதுமோ பயிரிடத் தகுதி இழந்த நிலம் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் என்ற விவரங்கள் எல்லாம் அந்தத் தீர்ப்பில் உண்டு. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு உறுதியாகச் சொன்னது அங்கேதான். இன்று நாட்டின் சட்டக் கல்லூரிகளில் அந்த வழக்கைப் படிக்காத மாணவர் இல்லை. அதன்படி அமைந்த சூழல் இழப்பு ஆணையம் 2001-ல் கணக்கெடுத்து முடித்தது: 186 கிராமங்கள், பாதிக்கப்பட்டவர்கள் 29,193 பேர், பொறுப்பாளிகள் 547 டேனரிகள், இழப்பீடு 26.82 கோடி ரூபாய். ஆளுக்குச் சராசரியாக ஒன்பதாயிரத்துச் சொச்சம் வருகிறது. ஒரு கிணறு வெட்ட அது போதாது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதற்கும் பிறகு வழக்கு ஓடி, 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடி தீர்ப்பளித்தது. நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும், நிலுவையில் உள்ள இழப்பீட்டை ஆறு வாரத்தில் கொடுக்கவும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்து ஆற்றைச் சீராக்கவும் உத்தரவிட்டார்கள். 28 வருஷத்துக்கு மேல். முதல் தீர்ப்பு வந்த அன்று பிறந்த பிள்ளை, கிணற்றில் குதிக்கும் வயதைத் தாண்டி, கல்யாணமும் பண்ணிக்கொண்டிருக்கும்.

நடுவில் ஒன்றும் மாறவில்லை என்பதும் நியாயமில்லை. ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. கழிவுநீரை வடித்துத் திரும்பப் பயன்படுத்தி, சொட்டுக்கூட வெளியே விடாத முறைக்குப் பல டேனரிகள் மாறின. ஊறவைத்த உப்புத் தண்ணீரைத் தனியே பிரித்து வெயிலில் பாத்தி கட்டிக் காயவைக்கிறார்கள். ஆனால் அந்த நிலையங்களும் ஆட்களைப் பலிகொண்டிருக்கின்றன. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட் வளாகத்தில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளிகள் பத்துப் பேர் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அந்தச் செய்தி வந்த நாளில் அண்ணன் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்று அவர் மனைவி பின்னால் சொன்னார். இன்றைக்கும் மழை பலமாகப் பெய்கிற இரவுக்கு மறுநாள் மாராப்பட்டு பாலத்தடியில் ஆறு நுரை பூத்துப் பொங்குகிறது. இருட்டும் மழையும் எவருக்கோ வசதியாக இருக்கின்றன.

ஆறு வந்த மாதம்

2021 நவம்பரில் பாலாறு வந்தது. ஓடியது என்று சொல்வதில்லை, எங்கள் ஊரில் ஆறு 'வந்தது' என்றுதான் சொல்வோம், தூரத்துச் சொந்தக்காரர் வந்த மாதிரி. நந்தி மலையில் பிறந்து, கர்நாடகத்தையும் ஆந்திரத்தையும் கடந்து தமிழ்நாட்டுக்குள் ஏறத்தாழ 222 கிலோமீட்டர் போகிற ஆறு, ஆந்திர எல்லையில் வரிசையாகக் கட்டிய தடுப்பணைகளையும் மீறி இரு கரை தொட்டுப் போயிற்று. வாணியம்பாடியில் வயதானவர்கள் 1903 நவம்பர் 12 வெள்ளத்தைப் பற்றிப் பேசினார்கள். மைசூர்ப் பக்கத்து ஏரிகள் உடைந்து ஊரையே வாரிக்கொண்டு போன அந்த வெள்ளத்துக்கு அங்கே நினைவுத் தூண் நிற்கிறது. இந்த முறையும் துக்கம் இருந்தது. பேரணாம்பட்டில் வீடு இடிந்து ஒன்பது பேர் போனார்கள், அதில் நான்கு குழந்தைகள். வேலூர்க் கோட்டை அகழி நிரம்பி ஜலகண்டேஸ்வரர் சன்னதிக்குள் தண்ணீர் நின்றது.

பாலத்தின் மேல் நின்றவர்கள் எல்லாருடைய கையிலும் போன். அந்த வீடியோக்களில் ஒன்று மோஜோவுக்கும் போயிருக்கிறது. ராத்திரி அண்ணன் கூப்பிட்டார். எடுத்ததும் ஒரே கேள்வி: "நாக்குல வெச்சுப் பாத்தியா?"

பார்த்திருந்தேன். மண் வாசனை, உப்பே இல்லை. சொன்னதும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அண்ணன் அழுகிறார் என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது.

அந்த மாதங்களில் எங்கள் கிணறு ஊறியது. உப்பு குறைந்தது, சித்திரையில் மறுபடி ஏறியது. ஆனால் என் மனசிலிருந்து இறங்காதது வேறு ஒன்று. ஆற்றைக் கண்டிராத பிள்ளைகள் ஆற்றில் இறங்கினார்கள். மணல் அள்ளிய பள்ளங்கள் மேலே தெரியாமல் தண்ணீருக்கடியில் காத்திருந்தன. முழங்கால் ஆழம் என்று நினைத்து வைத்த அடுத்த அடி இரண்டு ஆள் ஆழம். அப்படிப் போன பிள்ளைகளின் கதை இந்தக் கரையில் ஊருக்கு ஒன்று இருக்கிறது. அண்ணனின் தலைமுறையில் பத்து வயதுப் பையனுக்கு ஆழம் என்றால் விளையாட்டு. கிணறு கெட்டுப்போன பின் பிறந்தவர்களுக்கு ஆழம் தெரியாது. விளைச்சல் இழப்புக்குக் கணக்குப் போட்ட ஆணையத்தின் தாளில் இந்த இழப்புக்குக் கட்டம் கிடையாது.

அதனால்தான் லங்கானோவிலிருந்து திரும்பிய பிறகு ஒரு வேலையை எனக்கு நானே கொடுத்துக்கொண்டேன். அக்கா மகளுக்கு வயது ஒன்பது. அவளுக்கு நீச்சல் சொல்லிக் கொடுக்க, நம்பி இறக்கக்கூடிய தண்ணீரை எங்கள் வட்டாரத்துக்குள்ளேயே கண்டுபிடிக்க வேண்டும். கார்த்திகை மழை ஓய்ந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அலைந்தேன். குடியாத்தத்துக்கு மேலே மோர்தானா அணை நிரம்பி வழிந்தது, தண்ணீர் இனிப்பு. ஆனால் அணை சிறுபிள்ளை பழகும் இடமில்லை. ஏலகிரிக்குப் பின்புறம் ஜலகாம்பாறை அருவியில் ஆனந்தமாகத் தலை நனைக்கலாம், நீந்த முடியாது. ராணிப்பேட்டை மாவட்டத்துப் பக்கம் மகேந்திரவாடியில், மகேந்திரவர்மன் தன் பெயரில் வெட்டிய ஏரியின் கரையில் அவன் குடைந்த கோயில் இருக்கிறது. பல்லவன் காலத்திலிருந்து ஏரி வெட்டிப் பிழைத்த மண் இது என்று அங்கே நின்று அவளுக்குச் சொன்னேன். அவளுக்கு வெயில், ஐஸ் கேட்டாள்.

கடைசியில் அமைந்தது ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலையடிவாரத்தில் ஒரு கிணறு. தோல்ஷாப்பு வரிசைக்கு மேட்டுப் பக்கம். சுற்றிலும் நிலக்கடலை. கிணற்றுக்காரப் பெரியவரிடம் கேட்டதும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்த ஊரு நைனா?"

"ஆம்பூர் பக்கம் தாத்தா."

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. மோட்டார் ரூமுக்குள் போய்ப் பழைய லாரி டியூப் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். "சொரக்கா இருந்துச்சு, எலி கொறிச்சிட்டுது. இத மாட்டிக்கோ கண்ணு" என்றார் அவளிடம்.

அக்கா மேல்படியில் உட்கார்ந்திருந்தாள். வாரத்தில் ஆறு நாள் மிஷினில் குனிந்த கழுத்தைக் கையால் பிடித்துவிட்டுக்கொண்டே மகளையே பார்த்திருந்தாள். நான் இடுப்பளவுக்கு இறங்கிக் கையை நீட்டினேன். சின்னவள் ஒவ்வொரு படியாக வந்து, கடைசிப் படியில் நின்றாள். குனிந்தாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வீட்டில் எல்லாரும் செய்வதைப் பார்த்திருக்கிறாள். ஒரு கை தண்ணீர் அள்ளி நாக்கு நுனியில் வைத்தாள். இன்னொரு கை அள்ளி மடக்கென்று குடித்தாள். பிறகு டியூபோடு குதித்தாள்.